பெயர் போடாத சீட்டு

நவம்பர் 4, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. கலெக்டர் லீவு விட்டதை ஏழே காலுக்குத்தான் டிவியில் சொன்னார்கள். அதற்குள் நான் புடவை கட்டி, டிபன் கட்டி, குடையோடு வாசலில். திரும்பி வந்து உட்கார்ந்தால் உட்கார முடியவில்லை. இப்போதைக்கு லீவு எனக்கு ஆகாது. பள்ளிக்கூடம் இருந்தால் டிராயிங் பீரியடில் மாம்பழத்துக்கு நீலம் அடிக்கிற பிள்ளைகளைத் திட்டிக்கொண்டே பொழுதை ஓட்டிவிடலாம்.

செய்தவை: பீரோ இரண்டாம் தட்டு. ஸ்டவ்வின் பின்பக்கம். காய்ந்துபோன போஸ்டர் கலர் பாட்டில்கள் பதினொன்று குப்பைக்கு. மத்தியானம் இரண்டுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இன்னும் எட்டு நாள் மிச்சம்.

எழுதினால் மனசு கொஞ்சம் அடங்குகிறதா பார்ப்போம். இடது மார்பில் கட்டி. செப்டம்பரில் குளிக்கும்போது கையில் பட்டது. போன சனிக்கிழமை சிதம்பரம் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக் கொஞ்சம் சதை எடுத்தார்கள். ரிசல்ட் 12ஆம் தேதி, புதன். டாக்டர் சின்னப் பெண், தன்மையாகப் பேசினாள். "வரும்போது வீட்ல யாரையாவது கூட கூட்டிட்டு வாங்க மேடம்." வீட்டில் யார் இருக்கிறார்கள்? நானும் ட்யூப்லைட்டுக்குப் பின்னால் ஒரு பல்லியும். தம்பி குறிஞ்சிப்பாடியில். அவனிடம் சொன்னால் அவனுக்கு பிபி ஏறும், பிறகு அவனையும் நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

விஷயம் தெரிந்த ஒரே ஆள் ஜமீலா, எங்கள் ஸ்கூல் கணக்கு டீச்சர். ஸ்கேனுக்கு அவள் ஸ்கூட்டியில்தான் போனேன். அவளிடம் சொன்னதற்குக் காரணம், அவள் எங்கள் சர்ச் சபை வாட்ஸ்அப் குரூப்பில் இல்லை.

சபையில் சொல்ல மாட்டேன். பெண்கள் சங்கத்துக்கு ஒன்பது வருஷமாக நான் செக்ரட்டரி. சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? காலையில் ஒருத்தியிடம் சொன்னால் சாயங்காலம் மஸ்கட்டிலிருந்து விசாரித்து போன் வரும். அதன் பிறகு என்னைப் பார்க்கிற எல்லாரும் குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள். கட்டியைக்கூடத் தாங்கிக்கொள்வேன், அதைத் தாங்க முடியாது.

சாயங்காலம் ரோஸ்டர் போட்டேன், எந்த நாள் யார் முறை என்று. எங்கள் சபை சாமுவேல் அண்ணன் காலில் சர்க்கரைப் புண்ணோடு அதே சிதம்பரம் ஆஸ்பத்திரியில், இது மூன்றாவது வாரம். தினமும் எங்களில் ஒருத்தி சாப்பாடு கொண்டுபோக வேண்டும். அண்ணியை இரண்டு மணி நேரம் தூங்கவிட்டு அண்ணன் பக்கத்தில் உட்கார வேண்டும். 12ஆம் தேதிக்கு என் பெயர். ஏன் என்று ஒருத்தரும் கேட்கப்போவதில்லை. ரோஸ்டர் போடுவதில் இப்படி ஒரு சௌகரியம்.

நவம்பர் 6, வியாழன்

வெயில், புழுக்கம். மூன்றாம் பீரியடில் ஆறாம் வகுப்பு. 'மழைக்காலம்' வரையச் சொன்னால் முப்பத்தெட்டுப் பேரும் ஒரே குடை.

இன்று ஒரு அசட்டு வேலை செய்தேன்.

சர்ச் ஹாலில் ஜெபப் பெட்டி இருக்கிறது. வாரம் முழுக்க அதில் சீட்டு போடுவார்கள். வெள்ளி அஞ்சரைக்கு நான் திறந்து ஒவ்வொன்றாக வாசிப்பேன். கேட்கிற பெண்களில் யாராவது கை தூக்கி "நான் எடுத்துக்கறேன்" என்பாள். சீட்டு அவளுடைய பைபிளுக்குள் போய்விடும். அந்த வாரம் முழுக்க ஜெபமும் அவள் பொறுப்பு, அந்த வீட்டை எட்டிப் பார்ப்பதும் அவள் பொறுப்பு. பெயர் போடாத சீட்டும் வரும். அதற்கு ஜெபம் மட்டும்.

நானும் ஒரு சீட்டு போட்டுவிட்டேன். நோட்டீஸ் போர்டில் வாராவாரம் வசனம் எழுதுகிறவள் நான், என் எழுத்தைத் தெரியாதவர்கள் சபையில் இல்லை. அதனால் இடது கையால். நான்கு தாள் வீண். ஐந்தாவதில் தேறியது: "ஒரு சகோதரியின் பரிசோதனை முடிவுக்காக. பயமாக இருக்கிறது."

முதல் வரியோடு நிறுத்தத்தான் நினைத்தேன். கை தானாக அடுத்ததற்குப் போய்விட்டது.

ஐந்து மணிக்கு ஹாலில் யாரும் இல்லை. போட்டேன். வெளியே வந்து செருப்பை மாற்றி மாட்டிக்கொண்டு கேட் வரைக்கும் நடந்திருக்கிறேன்.

நவம்பர் 7, வெள்ளி

ஆறு சீட்டு. மகன் விசா, மாமியார் முட்டி, வீடு காலி பண்ணச் சொல்கிற ஓனர், அரியர் பேப்பர், சாமுவேல் அண்ணன் கால். ஐந்தாவதாக என்னுடையது வந்தது. அடுத்தவள் சீட்டு மாதிரியே வாசித்தேன், நன்றாகவே வாசித்தேன். 'பயமாக' என்ற இடத்தில் மட்டும் தண்ணீர் குடித்தேன்.

பாஸ்டரம்மா (இனி பா.அ., கை வலிக்கிறது) கை தூக்கினார்கள். "நான் எடுத்துக்கறேன்." சீட்டை வாங்கி, கண்ணாடியைக் கழற்றி, கிட்டே வைத்துப் பார்த்தார்கள். பக்கத்திலிருந்த ஸ்டெல்லாவிடம் காட்டினார்கள். இரண்டு பேரும் தலையாட்டிக்கொண்டார்கள். நான் ஆறாவது சீட்டைப் பிரித்தேன்.

வீட்டுக்கு வந்து இரண்டு தரம் கை கழுவினேன், எதற்கென்று தெரியாமல்.

நவம்பர் 8, சனி

ஆறே முக்காலுக்கே பா.அ. போன்.

"எமிலி, நேத்து நான் எடுத்த சீட்டு இருக்கே, அது எடது கையால எழுதுனது."

"அப்படியா?"

"நம்ம சபையில யாருக்கும்மா வலது கை கட்டுல இருக்கு? யோசி."

யோசிக்க வேண்டியதே இல்லை. ரோஸ்லின். ஓ.டி.யில், அதாவது ஓல்டு டவுனில் இருக்கிறாள், வீட்டுக்காரர் மஸ்கட்டில், மகள் பாண்டிச்சேரி ஹாஸ்டலில். போன மாதம் மழையில் கெடிலம் ஆற்றுப் பாலத்துக்கிட்டே ஸ்கூட்டர் வழுக்கி விழுந்து மணிக்கட்டு போய்விட்டது. மாவுக்கட்டு.

"பாவம், பேரு கூட போடாம எழுதிருக்கா பாரு. பயமா இருக்குதாம்" என்று பா.அ. அழுதார்கள். உண்மையாகவே அழுதார்கள்.

அந்த இடத்தில் 'அம்மா, அது ரோஸ்லின் இல்லை' என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த கேள்வி என்ன? உங்களுக்கு எப்படித் தெரியும்? நான் ம், ம் என்றுகொண்டே இருந்தேன்.

ரோஸ்லின் விஷயம். ஆகஸ்டில் ஒரு நாள் ஆஸ்பத்திரிச் சாப்பாடு அவள் முறை. வரவில்லை. அன்று நோயாளியின் வீட்டம்மா பட்டினி. நான் குரூப்பில் போட்டேன்: 'பொறுப்பில்லாதவர்கள் தயவுசெய்து பெயர் கொடுக்க வேண்டாம்.' பெயர் எழுதவில்லைதான், ஆனால் யாரைச் சொல்கிறேன் என்று எல்லாருக்கும் தெரியும். பத்து நிமிஷத்தில் 'ரோஸ்லின் வெளியேறினார்'. அதோடு கோயிலுக்கும் வருவதில்லை. கை உடைந்த செய்தி எனக்கு முதல் நாளே வந்தது. அவளுக்கு ரோஸ்டர் போட வேண்டியவள் நான். போடவில்லை. அவள் கேட்கவில்லை அல்லவா, கேட்டால் போடலாம் என்று இருந்தேன். அஞ்சு வாரம்.

மத்தியானம் குரூப்பில் பா.அ.: 'நம் சகோதரி ஒருவருக்கு நம் அன்பு தேவை. விவரம் கேட்க வேண்டாம்.' கீழே நாற்பத்திரண்டு கும்பிடு. விவரம் கேட்க வேண்டாம் என்றால் எல்லாருக்கும் விவரம் போய்விட்டது என்று அர்த்தம்.

நவம்பர் 9, ஞாயிறு

ஆராதனையில் பாஸ்டர், "தனிமையிலே, உடைந்த கையோடே இருக்கிற மகளை நினைத்தருளும்." மூன்று வரிசையில் மூக்குறிஞ்சும் சத்தம். நான் சுவரைப் பார்த்தபடி. ஜன்னல் சட்டத்தில் பெயிண்ட் உரிந்திருக்கிறது, கமிட்டியில் சொல்ல வேண்டும்.

வெளியே செருப்புத் தேடுகிற இடத்தில் காதில் விழுந்தவை:

"நான் மீன் கொழம்பு வச்சி எடுத்துட்டு போனேன். வாங்க மாட்டேன்னா. அப்பறம் வாங்கிக்கிட்டா."

"எவ்ளோ மெலிஞ்சிட்டா தெரியுமா?"

"புருஷன் கிட்ட கூட சொல்லலியாம்."

"எங்க சொல்லுவா, அவுரு பயந்துருவாரு."

பா.அ. என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "எமிலி, பழசெல்லாம் விட்டுரு. அவளுக்கு ஒரு ரோஸ்டர் போடு. நீ போட்டாதான் ஒழுங்கா நடக்கும்."

போட்டேன். வாழ்க்கையில் இவ்வளவு அழகாக ஒரு ரோஸ்டரும் போட்டதில்லை. கட்டம் கட்டி, சிவப்புத் தலைப்பு, இரு வேளை. எனக்கு வர வேண்டிய சாப்பாட்டுக்கு நானே பட்டியல் எழுதி நானே போர்டில் குத்திவிட்டு, வீட்டுக்கு வந்து ரொட்டியும் ஜாமும்.

செவ்வாய் மட்டும் ஆள் கிடைக்கவில்லை. யாரும் வாய் திறந்து சொல்லவில்லை, எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எழுதினேன்: செவ்வாய் – எமிலி.

நவம்பர் 10, திங்கள்

தூக்கம் சரியில்லை. முதல் பீரியடில் ஒரு பிள்ளையின் யானையைத் 'தும்பிக்கை எங்கே?' என்று திட்டினேன். அது எருமை.

மத்தியானம் ஸ்டாஃப் ரூமில் ஜமீலாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் சாப்பிடுவதை நிறுத்தவே இல்லை. முழுக்கக் கேட்டாள்.

"ஒனக்கு வந்தத இன்னொருத்தி வீட்டுக்கு அனுப்பிட்டு ஒக்காந்திருக்கியா?"

"நான் அனுப்பல. தானா போச்சு."

"தானா போச்சாம். நாளைக்கி போய் சொல்லு அவகிட்ட. நான் புதன்கிழம லீவு கேட்டேன், ஹெச்எம் தரல. பரீச்சை வேல ஜாஸ்தி. இல்லன்னா நானே வந்திருவேன். ஒத்தையில போவாத எமிலி. தெனம் தொழுதுட்டு கேக்குற துஆல ஒன் பேரு சொல்றேன். எனக்கு பேரு தெரியும், அதனால சொல்ல முடியுது. ஒங்க ஆளுங்க யாருன்னே தெரியாம கேட்டுட்டு இருக்காங்க."

கோபம் வந்தது. டப்பாவை மூடிவிட்டு ஐந்தாம் பீரியட் இல்லாமலே ஐந்தாம் பீரியடுக்குப் போனேன்.

நவம்பர் 11, செவ்வாய்

தூறல். ஸ்கூல் விட்டு வந்து சாதம், ரசம், பீன்ஸ் பொரியல், முட்டை இரண்டு. ஷேர் ஆட்டோவில் ஓ.டி. வழி முழுக்கப் பேச வேண்டியதை மனசுக்குள் ஒப்பித்துக்கொண்டே போனேன். இறங்கும்போது ரசம் புடவையில்.

கதவைத் திறந்தாள். மாவுக்கட்டு அழுக்காகி, கழுத்தில் பழைய துப்பட்டாவால் தூக்கிக் கட்டியிருந்தது. தலை மட்டும் எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னல்.

"வாங்க டீச்சர்."

முன்பெல்லாம் அக்கா என்பாள்.

"செவ்வாய்க்கு ஆள் கெடைக்கல. அதான் நான்" என்றேன். ஒப்பித்ததில் இது இல்லவே இல்லை.

உட்காரச் சொன்னாள். நாற்காலியில் மூன்று பேர் வீட்டு டிபன் கேரியர், கழுவித் திருப்பித் தர வேண்டியவை. ஒற்றைக் கையால் அவள் அதை நகர்த்த, நானும் பிடிக்கப் போக, ஒரு மூடி உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது.

"டீச்சர், சத்தியமா சொல்றேன், அந்த சீட்ட நான் எழுதல. பாஸ்டரம்மா கிட்ட சொன்னேன். ஸ்டெல்லாக்கா கிட்ட சொன்னேன். 'ஆமாம்மா, நீ எழுதல, நாங்க ஒண்ணும் கேக்கல'ன்னு முதுக தடவுறாங்க. எனக்கு ஒண்ணும் இல்லன்னு சொல்ல சொல்ல அவுங்களுக்கு கண்ணு கலங்குது. நான் இன்னா தான் பண்றது?"

"அப்புறம் ஏன் வாங்கிக்கிட்ட?" இதையும் நான் கேட்டிருக்கக் கூடாது.

"தலைக்கு ஊத்தி விட்டாங்க டீச்சர். அஞ்சு வாரமா ஒத்தக் கையால தண்ணிய மட்டும் ஊத்திட்டு இருந்தேன். ஸ்டெல்லாக்கா சீயக்கா போட்டு நல்லா தேய்ச்சு விட்டாங்களா, எனக்கு அழுக வந்திருச்சி. அத பாத்துட்டு கன்ஃபார்ம்னு முடிவு பண்ணிட்டாங்க."

சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். ஆகஸ்டுக்கு அப்புறம் முதல் தடவை.

பிறகு சொன்னாள். இதை அப்படியே எழுதி வைக்கிறேன்.

"எழுதுனது எவளோ. இங்க வர்ற கொழம்பு, பொரியல் எல்லாம் அவளுக்கு போவ வேண்டியது. அவ எங்கியோ தனியா பயந்துகிட்டு கெடக்குறா. ஒவ்வொரு வாய்க்கும் அது தான் நெனப்பு வருது. அதான் ரெண்டு வேளையும் அவளுக்கு ஜெபம் பண்ணிட்டுத்தான் சோத்துல கை வக்கிறேன். பேரு தெரியல இல்ல, 'ஆண்டவரே, அந்தப் பொம்பள'ன்னு சொல்லுவேன்."

சபை முழுக்க ரோஸ்லினுக்காக ஜெபம் செய்துகொண்டிருக்க, எனக்காக ஜெபம் செய்த ஒரே ஆள் ரோஸ்லின்.

"அந்தப் பொம்பள நான்தான்" என்றேன்.

நம்பவில்லை. மேஜையிலிருந்த பால் கணக்கு நோட்டை எடுத்து, இடது கையால் 'பயமாக இருக்கிறது' என்று எழுதிக் காட்டினேன். பார்த்தாள். தலையைக் குனிந்துகொண்டாள். திட்டப் போகிறாள் என்று காத்திருந்தேன். எழுந்துபோய்த் தட்டு எடுத்து வந்து, நான் கொண்டுபோன சாப்பாட்டை ஒற்றைக் கையால் எனக்கே போட்டாள்.

"சாப்புடுங்கக்கா. இது உங்க சாப்பாடு தான்."

சாப்பிட்டேன், அழுதேன், இரண்டும் ஒரே நேரத்தில். ரசத்தில் உப்பு ஜாஸ்தி.

"குரூப்ல அப்படிப் போட்டது தப்பு, ரோஸ்லின். கை உடைஞ்சதும் எனக்குத் தெரியும். தெரிஞ்சும் வரல."

"தப்பு தான்" என்றாள், சட்டென்று. "அன்னிக்கி நான் தூங்கிட்டேன், அதுவும் தப்பு தான். வேற ஒரு காரணமும் இல்ல. சொல்ல வெக்கமா இருந்துச்சி." முட்டையை என் பக்கம் தள்ளினாள். "நாளைக்கி எத்தினி மணி பஸ்ஸு?"

நவம்பர் 12, புதன்

6.10 பஸ். அவள் எனக்கு முன்னால் பஸ் ஸ்டாண்டில். மாவுக்கட்டுக்கு மேல் சுத்தமான துண்டு.

கண்டக்டர் அவள் கையைப் பார்த்துவிட்டு, ஆலப்பாக்கத்தில் இறங்கினவரின் ஸீட்டை அவளுக்குத் தந்தார். பேஷண்ட் நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு முட்லூர் வரை. ஆஸ்பத்திரியிலும் இதே கதை. "அம்மா, அவுங்கள உக்கார வைங்க, எலும்பு டாக்டர் அந்தப் பக்கம்." ரோ. (ரோஸ்லினுக்கும் இனி சுருக்கம்தான்) சிரிப்பை அடக்க வாயில் துண்டை வைத்துக்கொண்டாள். நானும் சிரித்தேன். பத்து நிமிஷம் எதற்கு வந்தோம் என்பதே மறந்திருந்தது.

பத்தே காலுக்குக் கூப்பிட்டார்கள்.

"கூட யாரு வந்திருக்காங்க?"

"நான் தான்" என்று உள்ளே வந்து என் பக்கத்தில் நின்றாள்.

டாக்டர் பேப்பரைத் திருப்பி வைத்து நிதானமாகச் சொன்னாள். கேன்சர். சின்னது, ஆரம்பத்திலேயே வந்துவிட்டீர்கள். ஆபரேஷன் செய்ய வேண்டும். 24ஆம் தேதி அட்மிஷன், அன்றைக்கே. அதற்கப்புறம் பேசியது எதுவும் எனக்குள் போகவில்லை. அவள் மேஜை மேல் பேனா ஸ்டாண்டில் ஏழு பேனா, மூன்றுக்கு மூடி இல்லை. ரோ.தான் கேள்வி எல்லாம் கேட்டாள். எத்தனை நாள், யார் கூட இருக்கலாம், வெளிச் சாப்பாடு தரலாமா.

வராந்தாவில் வந்து நின்றோம். பயமாக இருந்தது. இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது.

ஆனாலும் ரோஸ்டர் ரோஸ்டர்தான். மாடி ஏறி சாமுவேல் அண்ணனுக்கு இட்லி. அண்ணி பாயில் படுத்தவுடனே தூங்கிப்போனார்கள். இரண்டு மணி நேரம் நாங்கள் இருவரும் அண்ணன் காலருகே. அண்ணன் ரோ.விடம், "ஒனக்கு ஒடம்பு முடியலன்னாங்களே, எப்படிம்மா இருக்க?" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். நான் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். "நல்லா இருக்கேண்ணா" என்றுவிட்டாள், எனக்கு இன்னொரு நாள் டைம் கொடுக்கிற மாதிரி.

நவம்பர் 13, வியாழன்

தம்பிக்கு போன். எதிர்பார்த்தபடி பிபி. ஆனால் மனைவியோடு ஞாயிறு வருகிறானாம்.

ஜமீலாவிடம் சொன்னேன். கட்டிப்பிடித்தாள். பிறகு, "அவகிட்ட சொல்லிட்டியா?" "சொல்லிட்டேன்." "அப்ப சரி."

சீட்டு எழுத உட்கார்ந்தேன். வலது கையால். ஒரு தாளும் வீணாகவில்லை.

நவம்பர் 14, வெள்ளி

ஸ்கூலில் குழந்தைகள் தினம். ஆறாம் வகுப்பு எனக்குப் பேப்பர் ரோஜா. நீல நிறம்.

அஞ்சரைக்கு ஹால். இருபத்து மூன்று பேர். நான் பெட்டியைத் திறந்த பிறகு ரோ. வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். எல்லாரும் திரும்பி, குரலைத் தாழ்த்தி, அவளுக்கு இடம் விட்டு, தண்ணி வேணுமா என்று. அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

ஏழு சீட்டு. விசா வந்துவிட்டது, அதற்கு ஸ்தோத்திரம். முட்டி அப்படியே. ஓனர் இரண்டு மாதம் டைம். ஆறு வரைக்கும் வாசித்தேன். ஏழாவதை எடுத்துப் பிரித்தேன். கண்ணாடி பனித்துவிட்டது, துடைத்தேன். மறுபடியும்.

"எமிலிக்காக. இந்த மாதம் இருபத்து நாலாம் தேதி மார்பில் ஆபரேஷன். போன வாரம் பெயர் போடாமல் எழுதியதும் நான்தான்."

ஸ்டெல்லா ரோ.வைப் பார்க்கிறாள், என்னைப் பார்க்கிறாள், மறுபடி ரோ.வை. பா.அ. பைபிளைத் திறந்து அந்தப் பழைய சீட்டை எடுத்துப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார்கள். யாருக்கும் கை தூக்கத் தோன்றவில்லை. என் வாழ்க்கையில் நீளமான அரை நிமிஷம்.

கடைசி பெஞ்சிலிருந்து மாவுக்கட்டு மேலே எழுந்தது.

"நான் எடுத்துக்கறேன்."

அப்புறம்தான் எல்லாரும் எழுந்தார்கள். பெஞ்சு நகர்கிற சத்தம். யார் என்ன பேசினார்கள் என்று தெரியவில்லை, ஒருத்தரும் குரலைத் தாழ்த்தவில்லை. மீன் குழம்புக்காரி சத்தமாகவே கேட்டாள், "அப்போ நான் ஊத்துன கொழம்பு?" ரோ. சொன்னாள், "நல்லா இருந்துச்சிக்கா. டீச்சருக்கு மறுபடி வைங்க."

நான் பழக்க தோஷத்தில் ரோஸ்டர் நோட்டை எடுத்துக் கட்டம் போட ஆரம்பித்தேன். 24 முதல். ரோ. வந்து நோட்டைப் பிடுங்கினாள்.

"இத நீங்க போடக் கூடாது. பேசாம ஒக்காருங்க."

இடது கையால் எழுதினாள். ஒரு வரி எழுத அத்தனை நேரம். கோடு வளைந்து, கட்டத்தை விட்டு வெளியே. 'திங்கள் – ரோஸ்லின்' என்ற இரண்டு வார்த்தை. அப்படியே என் முதல் சீட்டின் கோணல் எழுத்து.

சரி பண்ணிவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். மூடி வைத்துவிட்டேன்.